பூங்கா வாசலில் செருப்புகள்

பத்தாவது வரைதான் படித்தேன். நாலு பேர் இருக்கும் இடத்தில் யாராவது என் பெயரைக் கேட்டாலே அடுத்தவர் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொள்வேன். அப்படிப்பட்டவன் பேனாவை எடுப்பது அதிகப்பிரசங்கித்தனம்தான். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். என் அக்காவின் காலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. வாயால் சொல்ல வராததால் எழுதுகிறேன்.

ராஜகீழ்ப்பாக்கத்துக்குத் தெற்கே எங்களுக்கு ஏரித் தண்ணீர் பாயும் கழனி ஒன்று இருந்தது. எண்பதுகளின் நடுவில் நைனா அதை விற்றார். சுற்றிலும் எல்லாரும் விற்றுக்கொண்டிருந்த நேரம். வாங்கியவர்கள் மனை பிரித்தபோது, எங்கள் கழனி இருந்த இடத்துக்கு வரைபடத்தில் பச்சை பூசி ‘பார்க்’ என்று எழுதிவிட்டார்கள். அதனால் அதன் மேல் மட்டும் வீடு எழும்பவில்லை. பத்து வருஷம் போல முள் மண்டிக் கிடந்தது. பிறகு முள்ளை வெட்டி, ஓரமாக ஒரு நடைபாதை போட்டு, பூச்செடியும் பெஞ்சும் வைத்து, நிஜமாகவே பார்க் ஆக்கினார்கள்.

அந்த வருஷம்தான் அக்காவுக்கு சர்க்கரை என்று தெரிந்தது. தினமும் அரை மணி நடக்கச் சொன்னார் டாக்டர். மெயின் ரோட்டில் லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவே எங்கே நடப்பது? பார்க்குக்கே கூட்டிப்போனேன். கேட்டுக்கு வெளியே அக்கா செருப்பைக் கழற்றினாள். ஏன் என்றேன்.

“கழனில செருப்போட எறங்க சொல்றியா? போடா.”

ஒரு வாரம் கழித்து எங்கள் வீட்டில் அவள் கால் நீட்டி உட்கார்ந்திருந்தபோது குதிகாலில் முள் ஒன்று ஒடிந்து நிற்பதைப் பார்த்தேன். அது குத்தியதே அவளுக்குத் தெரியவில்லை. டாக்டர் கோபித்துக்கொண்டார். காலில் உணர்ச்சி குறைந்திருக்கிறது, இனி ஒரு புண் வந்தால் ஆறாது, காலையே எடுக்க வேண்டி வரலாம், செருப்பில்லாமல் ஓர் அடி வைக்கக்கூடாது என்றார். அக்கா தலையை ஆட்டினாள். மறுபடியும் கேட்டருகே கழற்றினாள்.

அவளோடு வாதாட எனக்கு வாய் இல்லை. நான் வேலை செய்த சைக்கிள் கடை ஒன்பது மணிக்குத்தான் திறக்கும். விடியும்போதே தென்னந்துடைப்பத்தோடு போய் அவள் நடக்கும் பாதை முழுவதையும் பெருக்க ஆரம்பித்தேன். நான் பார்க்கில் வேலை செய்யும் ஆள் என்று நினைத்து ஒருவர் விளக்கு எரியவில்லை என்று திட்டினார். சரி சார் என்றேன்.

இதற்குள் இன்னொன்று நடந்தது. புதிதாகக் குடிவந்தவர்கள் வாசலில் செருப்பைப் பார்த்து, அது சட்டம் என்று எண்ணித் தாங்களும் கழற்றினார்கள். பேங்கில் வேலை செய்த ஒருவர் ஷூவை அவிழ்த்து வைத்து சாக்ஸோடு நடந்தார். பள்ளிக்கூட டீச்சர் ஒருவர் ஒருநாள் அக்காவிடம் கேட்டேவிட்டார்.

“உள்ள எந்தச் சாமிம்மா இருக்கு? நாங்க சர்ச்சுக்குப் போறவங்க. மரியாதைக்குக் கழட்டிட்டுதான் வர்றேன். எங்கன்னுதான் தெரியல.”

“சாமி ஒன்னும் இல்ல டீச்சர். நாங்க நெல்லு நட்ட எடம். செருப்போட நடக்க காலு கூசுது.”

அப்படியானால் சரி என்று டீச்சர் செருப்பை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டார். அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. இனி இவள் ஜென்மத்துக்கும் செருப்பு போடமாட்டாள் என்று மறுநாள் இன்னும் அழுத்திப் பெருக்கினேன்.

பெருக்கிப் பெருக்கித்தான் அதைக் கண்டுபிடித்தேன். நடைபாதை நேராக வந்து, ஓரிடத்தில் காரணமே இல்லாமல் வளைந்து, மறுபடி நேராகப் போகும். துடைப்பத்தோடு அங்கேயே நின்றுவிட்டேன். மண் கொட்டும் செலவு மிச்சமென்று, மேடாகக் கிடந்த பழைய தடத்தின் மேலேயே கல் பதித்திருக்கிறார்கள்.

அன்று அக்கா வந்தபோது டீச்சரும் இன்னும் நாலைந்து பேரும் கூட வந்தார்கள். எனக்கு வியர்த்துவிட்டது. ஆனாலும் கேட்டேன்.

“அக்கா, பாதை இங்க ஏன் வளையுது?”

அவள் சுற்றிப் பார்த்தாள். “இங்கதான நம்ம பனமரம் இருந்துச்சி.”

“அப்ப நீ நிக்கிறது இன்னா?”

குனிந்து காலடியைப் பார்த்தாள். “வரப்பு.”

“வரப்புல நைனா செருப்பு போட்டுகினுதான நடப்பாரு? கழனில எறங்கும்போதுதான கழட்டுவாரு?”

எல்லாரும் என்னையே பார்த்தார்கள். எனக்குக் காது சுட்டது.

“இத்தினி நாளு வாயில இன்னாடா வச்சிகினு இருந்த?” என்றாள் அக்கா. டீச்சர் சிரித்துவிட்டார்.

நான் ஓடிப்போய் அவள் செருப்பை எடுத்து வந்து காலடியில் வைத்தேன். மாட்டிக்கொண்டு நடந்தாள். நடுவிலிருந்த புல்லை மட்டும் மிதிக்கவில்லை.

மறுநாளும் பெருக்கினேன். வாசலில் ஒன்பது ஜோடி செருப்பு கிடந்தது. அதில் அக்காவுடையது இல்லை.