அக்காவின் சீட்டில் இருந்த சொல்

சோமனூரிலிருந்து பெண் பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பிய வாரத்தில்தான் அக்கா இரண்டாம் முறையாகக் கைகால் இழுத்து விழுந்தாள். எங்கள் ஊரான கணபதியில் அக்கம்பக்கம் அறியாமல் அப்பா அவளை டவுன் டாக்டரிடம் கூட்டிப்போனார். திரும்பி வந்ததும் சீட்டை என்னிடம் நீட்டினார். வீட்டில் இங்கிலீஷ் தெரிந்தவள் எட்டாம் வகுப்புப் படிக்கும் நான் ஒருத்திதான்.

"என்ன சீக்குன்னு பாரு அம்மணி. டாக்டரு சொன்னது எனக்கு வெளங்குல."

கிறுக்கலை எழுத்துக்கூட்டினேன். இடியோபதிக். என் சின்ன அகராதியில் அந்தச் சொல் இல்லை. அது இருக்கவேண்டிய இடத்தில், அதே முதல் நான்கு இங்கிலீஷ் எழுத்துகளோடு இடியட் இருந்தது. எதிரே 'முட்டாள், பித்தன்' என்று போட்டிருந்தது.

"டீச்சரைக் கேட்டுச் சொல்றனுங்க" என்று சீட்டை மடித்துக்கொண்டேன்.

அன்று வெள்ளிக்கிழமை. இரண்டு நாளும் அக்காவின் பின்னாலேயே திரிந்தேன். ரசத்தில் உப்புப் போட மறந்தாள். துணி மடிக்கையில் தனக்குள் முனகினாள். பித்து ஆரம்பித்துவிட்டது என்று பயந்தேன். கிட்டே போய்க் கேட்டால், பாட்டு.

திங்கட்கிழமை இங்கிலீஷ் டீச்சர் தடித்த அகராதியைப் புரட்டினார். "கிரேக்க மொழியில இடியோஸ்னா சொந்தம். பாத்தோஸ்னா நோவு. வேற எதனாலயும் இல்லாம, தானா வர்ற நோவு. காரணம் தெரியலைன்னா டாக்டருங்க இப்படி எழுதுவாங்க."

"அப்ப இடியட்டுங்க, டீச்சர்?"

"அதுக்கும் அதே வேர்தான். முன்னெல்லாம் தன்பாட்டுக்கு இருக்கறவன்னு அர்த்தம். திட்டா மாறினது பின்னாடி."

ஓட்டமாக வீட்டுக்கு வந்தேன். காரணம் தெரியாது என்ற பாதி என் மனதில் தங்கவே இல்லை. "அக்காளுக்கே சொந்தமான நோவாமுங்க" என்றேன்.

"அப்பப் பரம்பரை நோவில்லை!" அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, தரகரைப் பார்க்கக் கிளம்பினார்.

அக்கா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சோமனூருக்குப் போகச் சம்மதமா என்று அவளிடம் யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. காதில் கிடந்த கம்மல்கூட, வரப்போகிறவர்களுக்காகப் பெரியம்மா வீட்டில் இரவல் வாங்கியதுதான்.

"அந்த நோவு எனக்கே சொந்தமாமா?" என்றாள்.

"ஆமாக்கா. டீச்சரே சொன்னாங்க."

முறத்தைக் கீழே வைத்தாள். "போகட்டும் கண்ணு. எனக்குன்னு ஒண்ணாச்சும் இருக்குதே" என்று சிரித்தாள்.

அவள் சிரித்ததே எனக்குப் போதுமாக இருந்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். அவள் நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டிருந்தேன்.