வழியில் நின்ற மகன்

தெரியாமல் செய்த தவறு தவறுதான் என்று தெரிந்துவிட்ட பிறகு, அந்த அறிவை வைத்துக்கொண்டு ஒருவன் என்ன செய்வது? எங்கள் சபையில் இருபது வருடம் பிரசங்கம் செய்த கண்ணாடிக் கடைக்காரரை நினைக்கும்போதெல்லாம் இந்தக் கேள்வி வந்து நிற்கிறது.

மூக்குக்கண்ணாடி செய்வதில் கெட்டிக்காரர். வில்லையைத் தேய்த்துச் சட்டத்தில் பொருத்தியதும், வருகிறவரின் காதுக்குப் பின்னால் விரல் வைத்துப் பார்த்து, கம்பியைச் சூடாக்கி வளைப்பார். மயிரிழை பிசகாது. பிரசங்கத்திலும் அத்தனை கவனம் இருந்தது என்று சொல்லமாட்டேன். குரல் நன்றாக இருக்கும்.

பன்னிரண்டு வருடங்களுக்கு முன் சபையில் மூன்று நாள் கூட்டம். அவர் மனைவிதான் பாடகர் குழுவை நடத்தினார். இரண்டாம் நாள் காலை அந்த அம்மாவின் அப்பா இறந்துவிட்டதாகச் செய்தி வந்தது.

"ஏங்க, நான் மட்டுமாவது போய்ட்டு வந்துடறேன்."

கடைக்காரர் சுவிசேஷத்தைச் சொன்னார். தகப்பனை அடக்கம் செய்துவிட்டு வருகிறேன் என்று கேட்டவனை இயேசு அனுப்பவில்லையே, செத்தவர்களைச் செத்தவர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்றுதானே சொன்னார் என்றார். மனைவி முகம் கழுவிக்கொண்டு பாடப் போனார். அதன் பிறகு கீழ்ப்படிதலைப் பற்றிப் பேசும்போதெல்லாம் கடைக்காரர் இதையே உதாரணமாகச் சொல்லிவந்தார்.

போன வருடம், கடையில் தயாராகிக் கிடந்த ஒரு கண்ணாடியை வாங்க ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் பத்து நாள் தாமதமாக வந்தார். அவர் யூதர்.

"என்ன சார், கண்ணாடி இல்லாமலே உலகம் தெளிவா தெரியுதா?"

"அக்கா தவறிட்டாங்க தம்பி. அன்னைக்கே அடக்கம். அப்புறம் ஏழு நாள் வீட்டைவிட்டு வெளியே வரக்கூடாது. எங்க வழக்கம்."

"அன்னைக்கேவா? அந்தக் காலத்துலயும் அப்படித்தானா?"

"அப்பவும் அதேதான்."

கடைக்காரர் தயங்கித் தயங்கி சுவிசேஷத்தில் தகப்பனை அடக்கம் செய்யக் கேட்ட அந்த மகனின் கதையைச் சொன்னார். வாத்தியார் புதுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சிரித்தார்.

"அப்பா செத்த அன்னைக்கு மகன் தெருவுல நின்னு பேசிட்டிருப்பானா? உங்க ஆளோட அப்பா வீட்டுல நல்லா சாப்பிட்டுட்டு இருந்திருப்பார். அவர் காலம் முடியட்டும், அப்புறம் வரேன்னு இழுத்திருக்கான். எனக்குத் தோணுறதைச் சொல்றேன், உங்க புஸ்தகம் உங்களுக்குத்தான் தெரியும்."

இரண்டு வாரம் கழித்துக் கடைக்காரர் அதையே பிரசங்கமாகச் செய்தார். அன்றே அடக்கம், ஏழு நாள் துக்கம், வழியில் நின்றவன் சொன்ன சாக்கு என்று ஒவ்வொன்றாக விளக்கினார். அவர் செய்தவற்றில் அதுதான் உருப்படியானது. யூதர் வாழ்க்கை தெரிந்தால் வேதம் எப்படித் திறக்கிறது என்று எல்லோரும் வியந்தார்கள். சனிக்கிழமைதோறும் வகுப்பு எடுக்கச் சொல்லிக் கேட்டார்கள். அவரும் ஒத்துக்கொண்டார்.

வீட்டுக்கு நடக்கும்போது மனைவி சொன்னார்: "நல்லாத்தான் இருந்துச்சு. இத்தனை வருஷம் எங்கப்பா சாவைச் சொல்லிச் சொல்லியே பேசினீங்க. இன்னைக்குத்தான் சொல்லல."

"தெரியாமத்தாம்மா அன்னைக்குத் தடுத்தேன். அவங்க வழக்கம் எனக்கு எப்படித் தெரியும்?"

"அவங்க வழக்கம் தெரியலன்னா போகட்டும். எதிர்லதானே நின்னேன், என் முகம் தெரியலையா? ஊருக்கே கண்ணாடி போட்டுவிடறீங்க."

இதைப் பின்னாளில் என்னிடம் சொன்னவர் கடைக்காரர்தான். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

முதல் வகுப்பு நாளன்று கூடம் நிறைந்திருந்தது. அவர் வரவில்லை. மாமனாரின் ஊருக்கு இரண்டு டிக்கெட் எடுத்திருந்தார். மனைவியை ஜன்னலோரம் உட்காரவைத்து, பையை மேலே ஏற்றிவிட்டு, ரயில் கிளம்பும் நேரத்தில் இறங்கிவிட்டார். மனைவி கூப்பிட்டும் ஏறவில்லை. அன்று 'நான் மட்டுமாவது' என்று கேட்டவர் தனியாகவே போனார்.

ஏன் என்று சபையார் கேட்டார்கள், மனைவி கேட்டார், நானும் கேட்டேன். யாருக்கும் அவர் பதில் சொன்னதில்லை.