நடுவில் நின்ற மழை

அது எழுபத்தைந்தாம் வருடம். தி.நகரில், உஸ்மான் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் குடியிருந்தோம். அப்பாவுக்கு ரங்கநாதன் தெருவில் ஜவுளிக்கடை. பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். நான் அப்போது பெண்கள் காலேஜில் இரண்டாம் வருடம். படிப்பு போக மீதி நேரமெல்லாம் தையல் மெஷின்தான். கடையில் மிஞ்சும் பிட் துணிகளை வைத்து வீட்டில் எல்லோருக்கும் நான்தான் தைப்பேன். என் அண்ணன் போட்டுத் திரிந்த கட்டம் போட்ட சட்டைகள் எல்லாமே என் கைவேலை. அவன் சிநேகிதர்கள் அவற்றை ஏதோ வெளிநாட்டுச் சரக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். அவனும் அதை மறுத்துச் சொன்னதில்லை.

அண்ணன் இன்ஜினீயரிங் முடித்து வேலைக்குச் சேர்ந்திருந்தான். முதல் சம்பளத்தில் மூர் மார்க்கெட்டில் ஒரு பழைய ஸ்பூல் டேப் ரெக்கார்டர் வாங்கிவந்து மாடி ஹாலில் வைத்தான். ஞாயிற்றுக்கிழமை கடைக்கு விடுமுறை. அப்பா சாப்பிட்டுவிட்டுக் கீழே படுத்தால் நாலு மணி வரை இடியே விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டார். அந்தத் தைரியத்தில் அண்ணனின் சிநேகிதர்கள் ஐந்தாறு பேர் மாடிக்கு வந்துவிடுவார்கள்.

அவர்கள் கேட்டது ப்ராக்ரஸிவ் ராக் என்கிற ஒருவகை மேல்நாட்டு இசை. ஒரு பாட்டு இருபது நிமிஷம் ஓடும். புல்லாங்குழலில் மெதுவாக ஆரம்பித்து, ஆர்கன் சேர்ந்து, நாம் சற்று கண்ணயரும் நேரம் பார்த்து கிட்டாரும் டிரம்ஸும் வந்து மேலே விழும். எனக்கு அதில் ஒரு வார்த்தை புரியாது. பாடுவது ஒரு பெண் என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். ஆண் என்று அண்ணன் சொன்னபோது நம்பவே இல்லை. ஆனால் அந்த இசை எனக்கு அப்படிப் பிடித்திருந்தது. ஹாலை ஒட்டிய சின்ன அறையில்தான் என் தையல் மெஷின். இசை மெல்லியதாக வரும்போது காலை மிதியிலிருந்து எடுத்துவிடுவேன். டிரம்ஸ் வந்ததும் தைக்க ஆரம்பிப்பேன். அந்த வருடம் நான் தைத்த துணியெல்லாம் அந்தக் கணக்கில் தைத்தவைதான்.

ஹாலுக்குள் உட்கார்ந்து கேட்க எனக்கு அனுமதி கிடையாது. யாரும் வாய் திறந்து கூடாது என்று சொல்லவில்லை. உட்காரச் சொல்லவும் இல்லை. காபித் தட்டோடு போவேன், காலி டம்ளர்களோடு வருவேன், அவ்வளவுதான்.

அந்தக் கூட்டத்துக்குத் தலைவர் மாதிரி ஒருவர் இருந்தார். அண்ணனைவிட மூன்று நான்கு வயது பெரியவர். அடையாறிலிருந்து ஸ்கூட்டரில் வருவார். நிறையப் படித்தவர். அவருடைய சித்தப்பா மகன் இங்கிலாந்தில் படித்துக்கொண்டிருந்தான். அவன் அங்கே யாரிடமோ ஒரு நாளைக்கு இரவல் வாங்கி, இரண்டு ரிக்கார்டுகள் கொண்ட ஒரு பெரிய ஆல்பத்தை டேப்பில் பதிந்து அனுப்பியிருந்தான். இரண்டு ரிக்கார்டு, பக்கத்துக்கு ஒரு பாகமாக நான்கு பாகம், மொத்தம் ஒரே கதை. அட்டையும் இல்லை, பாட்டுப் புத்தகமும் இல்லை, டேப் மட்டும்தான். நாலைந்து ஞாயிற்றுக்கிழமைகள் தொடர்ந்து அதே டேப்தான் ஓடியது.

கதை என்னவென்பதில் அவர்களுக்குள் பெரிய குழப்பம். பாதியிலேயே கதாநாயகன் செத்துப்போகிறான். அதற்கப்புறம் திரும்பி வந்து ஊர் ஊராய் அலைகிறான். அடையாறுக்காரர் இதை விடுவதாக இல்லை. ஃபுல்ஸ்கேப் தாளில் நான்கு பக்கம் ஒரு கட்டுரையே எழுதிக்கொண்டு வந்துவிட்டார். இது மறுபிறவித் தத்துவமாம். சாவு நடுவில் வருவதுதான் இதன் மேதைமையாம். மேற்கத்தியர்கள் நம் நாட்டுச் சிந்தனையைத் தொட்டுவிட்டார்களாம். அவர் படிக்கப் படிக்க மற்றவர்கள் பரவசமாய்த் தலையாட்டினார்கள்.

நான் அந்த நேரம் பார்த்துக் காபித் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"அண்ணே, அது மாறிப்போயிருக்கு. முதல் பாகத்துக்கு அடுத்தது இப்ப மூணாவதா வருதே, அதுதான் வரணும். ரெண்டாவதா வர்றதுதான் கடைசி" என்றேன்.

தலைகளெல்லாம் என் பக்கம் திரும்பின. அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள்.

"எப்படிச் சொல்றே தங்கச்சி? இங்கிலீஷ் பாட்டு உனக்குப் புரியுதா?" என்று கேட்டார் அடையாறுக்காரர்.

"புரியாது. முதல் பாகம் முடியறப்ப மழைச் சத்தம் வரும், பாதியிலேயே பட்டுனு நின்னுரும். மூணாவது பாகம் ஆரம்பிக்கறப்ப மழை பெஞ்சுக்கிட்டே இருக்கு. கட்டம் போட்ட துணியில பாக்கெட் வெச்சுத் தைக்கிறோம்ல, கோடு கோட்டோட சேரணும். இங்க சேரலை."

"இது மியூசிக்மா, சட்டைப் பாக்கெட் இல்ல" என்றார் அவர். மறுபடியும் சிரிப்பு. அதில் என் அண்ணன் சிரித்ததுதான் எனக்குச் சுருக்கென்று தைத்தது. அவன் போட்டிருந்த சட்டையின் பாக்கெட்டில் கோடு கோட்டோடு சேர்ந்துதான் இருந்தது.

எனக்குக் கோபம் வந்தால் நிதானம் போய்விடும். இன்றும் அப்படித்தான். "பந்தயம்" என்றேன். "நான் சொல்றது சரின்னா, இனிமே ஞாயித்துக்கிழமை எனக்கும் இந்த ஹால்ல ஒரு நாற்காலி. காபி அண்ணன் கொண்டுவரணும்."

"தப்புன்னா?" என்று கேட்டார் அடையாறுக்காரர்.

நான் வாய் திறக்குமுன் அண்ணன் முந்திக்கொண்டான். என்னால் அவனுக்கு மானம் போயிற்றல்லவா! "தப்புன்னா மெஷினை கீழ இறக்கிருவேன். ஞாயித்துக்கிழமை மாடிப்பக்கமே வரக்கூடாது."

சரி என்றுவிட்டேன். சொன்ன பிறகுதான் யோசித்தேன். தோற்றால் அந்த ஆர்கன், அந்தப் புல்லாங்குழல், ஒன்றும் காதில் விழாது. கீழே அப்பாவின் குறட்டைதான் மிச்சம்.

கூட்டத்தில் ஒருவர் ஆழ்வார்பேட்டைக்காரர். அவர் தெருவில் கப்பலில் வேலை பார்க்கும் ஒருவர் லீவில் வந்திருப்பதாகவும், அவரிடம் இந்த ஆல்பத்தின் அசல் ரிக்கார்டே இருப்பதாகவும் சொன்னார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அங்கே போய்ப் பார்ப்பது என்று முடிவானது.

அந்த ஒரு வாரம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அம்மாவுக்கு விஷயம் எட்டிவிட்டது. "ஏட்டி, ஆம்பளைப் பிள்ளைய பேசும்போது நடுவுல போயி நீ என்னத்துக்கு வாயக் குடுக்க? வம்ப வெலைக்கு வாங்கிட்டு வந்து நிக்க" என்று ஒரு நாளைக்கு மூன்று முறை சொன்னாள்.

புதன்கிழமை அண்ணன் வேலைக்குப் போனபின் மாடிக்குப் போய் டேப்பை நானே ஓட்டிப் பார்த்தேன். முதல் பாகத்தின் கடைசியைக் கேட்டேன். டேப்பை வேகமாய் ஓடவிட்டு மூன்றாம் பாகத்தின் ஆரம்பத்தைப் பிடித்தேன். கேட்டதும் திக்கென்றது. முதல் மழையில் இடிச் சத்தம் இருந்தது. இரண்டாவது மழையில் இடியே இல்லை. அப்போது அது வேறு மழையோ? கதையில் இரண்டு தடவை மழை பெய்யக்கூடாதா என்ன? சென்னையிலேயே ஐப்பசியில் ஒரு நாளைக்கு நாலு தடவை பெய்கிறதே! நாலைந்து முறை மாற்றி மாற்றிக் கேட்டேன். ஒரு முறை கேட்டால் சேர்கிற மாதிரி இருக்கும், அடுத்த முறை சேராது. கடைசியில் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று மனதைத் தேற்றிக்கொண்டு இறங்கி வந்தேன். உள்ளுக்குள் மட்டும் பயம் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அண்ணனும் நானும் பஸ் ஏறினோம். அவன் தள்ளிப் போய் வேறு சீட்டில் உட்கார்ந்துகொண்டான். நாங்கள் போவதற்குள் மற்றவர்கள் வந்துவிட்டிருந்தார்கள். அடையாறுக்காரர் கையில் அந்த நான்கு பக்கக் கட்டுரை. கப்பல்காரருக்கு அதைப் படித்துக் காட்டலாம் என்று கொண்டுவந்திருந்தார்.

கப்பல்காரர் ஜாலியான மனிதர். லுங்கியோடு வந்து கதவைத் திறந்தார். "யாரு அந்தப் பந்தயக்காரப் பொண்ணு? நீயா? வாம்மா, உள்ள வா. மொதல்ல உக்காரு" என்றார். ஒரு பிரம்பு நாற்காலியை எனக்காக இழுத்துப் போட்டார். அந்த ஒரு சொல்லுக்காகவே அவர் நன்றாயிருக்க வேண்டும்.

அலமாரியிலிருந்து ஆல்பத்தை எடுத்தார். பெரிய அட்டை, புத்தகம் மாதிரி விரிந்தது. முதல் ரிக்கார்டை வெளியே எடுத்து நடுவில் இருந்த லேபிளைக் காட்டினார். ஒன்று என்று போட்டிருந்தது. அப்படியே திருப்பினார்.

நான்கு.

அடையாறுக்காரர் குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். "அச்சுப் பிழையா இருக்கும்" என்றார்.

கப்பல்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "அச்சுப் பிழை இல்ல சார். இது சேஞ்சருக்குன்னே போட்ட செட்டு" என்று விளக்கினார். அவருடைய ரிக்கார்டு ப்ளேயரில் நடுக்கம்பி ஒரு ஜாண் உயரம் இருந்தது. இரண்டு ரிக்கார்டுகளையும் அதன் உச்சியில் அடுக்கி வைத்துவிடலாம். முதலில் அடியில் இருப்பது தானாகக் கீழே விழுந்து பாடும். அது முடிந்ததும் அடுத்தது அதன் மேலேயே விழுந்து பாடும். ஆகவே முதல் ரிக்கார்டில் ஒன்றாம் பக்கம், இரண்டாவதில் இரண்டாம் பக்கம். அப்புறம் இரண்டையும் சேர்த்துத் திருப்பி அடுக்கினால் மூன்றும் நான்கும். இங்கிலாந்து சித்தப்பா மகன் அவசரத்தில் லேபிளைப் பார்க்காமல், முதல் ரிக்கார்டின் இரண்டு பக்கத்தையும் பதிந்துவிட்டு அப்புறம் அடுத்ததை எடுத்திருக்கிறான். ஒன்று, நான்கு, இரண்டு, மூன்று. செத்தவன் எழுந்து நடந்ததெல்லாம் அப்படித்தான்.

எனக்குக் கூவ வேண்டும்போல் இருந்தது. ஆனால் மழை இன்னும் பாக்கி இருந்ததே! "ஒரு தடவை போடுங்க" என்று மட்டும் சொன்னேன்.

போட்டார். முதல் பக்கம் முழுக்கக் கேட்டோம். கடைசியில் மழை வந்தது, இடி இடித்தது, பட்டென்று நின்றது. ப்ளேயரின் கை எழுந்து ஒதுங்கியது. மேலிருந்த ரிக்கார்டு தொப்பென்று விழுந்தது. ஊசி இறங்கியது. மழை. இடி ஓய்ந்துபோய், சீராய்ப் பெய்கிற மழை. அதற்குள்ளிருந்து, முதல் பக்கத்தில் பாதியில் விட்ட அதே மெட்டைப் புல்லாங்குழல் எடுத்தது. இடி ஓய்ந்தபின் பெய்கிற மழையில் எப்படி இடி கேட்கும்? நான்தான் புதன்கிழமை தேவையில்லாமல் பயந்திருக்கிறேன்.

உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நான் அழுதுவிட்டேன். பந்தயத்தில் ஜெயித்த சந்தோஷம் ஒரு பக்கம். அதைவிட, அவ்வளவு நாளும் அறைக்குள் உட்கார்ந்து துண்டு துண்டாய்க் கேட்ட ஒன்றை முதன்முதலாய் முழுசாகக் கேட்கிறேன் என்பது. நான்கு பக்கமும் அந்தப் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தே கேட்டேன். கதாநாயகன் கடைசியில்தான் செத்தான். முறையாக, ஒரே தடவை.

முடிந்ததும் அடையாறுக்காரர் தன் கட்டுரையை நான்காய் மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "மறுபிறவி போச்சு" என்றார். அப்புறம் என் பக்கம் திரும்பி, எல்லோர் முன்னாலும், "தங்கச்சி, நான் வார்த்தையைத்தான் கேட்டிருக்கேன். நீதான் பாட்டைக் கேட்டிருக்கே. சிரிச்சதுக்கு மன்னிச்சிரு" என்றார். அப்படிச் சொல்ல ஒரு மனசு வேண்டும். அவர் மேல் இருந்த கோபமெல்லாம் அங்கேயே போய்விட்டது.

பஸ்ஸில் திரும்பும்போது அண்ணன் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தான். பாண்டி பஜார் வந்தபோது மெதுவாகக் கேட்டான்: "எனக்கு ஏன் முன்னாடியே சொல்லலை?"

"நீ ஏன் கேக்கலை?" என்றேன். பஸ் நின்றதும் எனக்கு முன்னால் இறங்கி ஒரு முழம் மல்லிகை வாங்கித் தந்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அடையாறுக்காரர் ஒரு மடக்கு நாற்காலியை ஸ்கூட்டரின் பின்னால் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு வந்து இறங்கினார். ஹாலில் ஸ்பீக்கருக்கு நேர் எதிரே அதை விரித்துப் போட்டு, "தோத்தவன் கொண்டுவந்தது, உக்காரும்மா" என்றார். அண்ணன் ஆறு டம்ளர் காபியைத் தட்டில் ஏந்தி, பாதியைப் படிக்கட்டுக்கே வார்த்துவிட்டு மேலே வந்து சேர்ந்தான். பின்னாலேயே, தரையைத் துடைக்கத் துணியோடு வந்த அம்மா, நான் ஆண்பிள்ளைகளுக்கு நடுவே கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். "செயிச்சவ அவதானல, அவளுக்கு மொதல்ல குடு" என்று அண்ணனிடம் சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

பிறகு எனக்கும் வேலை, கல்யாணம், குழந்தைகள் என்று காலம் ஓடிவிட்டது. எத்தனையோ இடங்களில், படித்தவர்கள் கூடிப் பெரிய பெரிய விளக்கங்கள் சொல்லும்போது என் மனசுக்கு ஏதோ ஒன்று சேரவில்லை என்று பட்டிருக்கிறது. அப்போதெல்லாம் நமக்கென்ன தெரியும் என்று பின்வாங்கத்தான் தோன்றும். இருந்தாலும் ஒரு தரம் வாய் திறந்து கேட்டுவிடுகிறேன், ஏனென்றால் அந்த ஞாயிற்றுக்கிழமை நான் பேசாமல் டம்ளரை எடுத்துக்கொண்டு திரும்பியிருந்தால், எனக்குப் பிடித்த இசையை வாழ்நாளெல்லாம் அடுத்த அறையிலிருந்தே கேட்டிருப்பேன்.