பழைய காலிப்பரும் காரில் ஏற மறுத்தவளும்

பாடி மேம்பாலத்தில் இறங்கும்போது பிரேக்கை மிதித்தேன். கார் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் நின்றது. முன்னால் நின்ற லாரியின் பின்பலகையில் இருந்த வாசகத்தை என் மனைவி கண்ணாடி போடாமலே வாசித்தாள். பிறகு சொன்னாள்: "இனிமே இந்த வண்டில நான் ஏற மாட்டேன்."

ஏறவே இல்லை. திருநின்றவூரில் ஒரு கல்யாணம். நான் அயனம்பாக்கத்திலிருந்து காரில் போனேன். அவள் ஆட்டோவில் அம்பத்தூர் போய் மின்சார ரயில் பிடித்தாள். நான் போவதற்குள் பந்தியில் பாயசத்துக்கு வந்திருந்தாள். அவளுடைய சித்தப்பா என்னை ஓரமாக அழைத்து, "மாப்ள, உங்களுக்குள்ள எதாவது..." என்று இழுத்தார். பிரேக் பிரச்சினை மாமா என்றேன். அவர் நம்பவில்லை. எனக்கு வந்ததே கோபம்! இவளை வண்டியில் ஏற்றாமல் விடுவதில்லை என்று கறுவிக்கொண்டேன்.

முன்சக்கரக் காலிப்பர் இரண்டும் போய்விட்டன என்றார் மெக்கானிக். சக்கரத்தோடு சுற்றும் தட்டைக் கவ்விப் பிடித்து வண்டியை நிறுத்துகிற சாமான் அது. என் கிழட்டுக் காருக்குப் புதுசு வருவதில்லை. பாடியில் ஒரு பழைய சாமான் கடையில் ஜோடியாகக் கிடைத்தது.

"ஆக்சிடென்ட் வண்டிதா சார்," என்றார் கடைக்காரர். "ஆனா இது கரெக்டா புட்ச்சிகீது. அதான் பின்னால வந்தவன் இட்ச்சிகினான்."

இதைவிடப் பெரிய உத்தரவாதம் உண்டா? வீட்டில் பெருமையாகச் சொன்னேன். அவள் "ஓஹோ" என்றாள். அந்த ஓஹோவில் ஒரு மாதத்துக்கான பேச்சு இருந்தது.

பால்கனியில் உட்கார்ந்து கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேய்த்தேன். உள்ளே இருந்த பிஸ்டன் அசைவேனா என்றது. பஞ்சர் கடைக்குத் தூக்கிப் போய்க் காற்றடிக்கச் சொன்னேன். பிஸ்டன் டப்பென்று வெளியே துள்ளி, அங்கிருந்த டீ கிளாசைச் சாய்த்தது. நல்லவேளை, துரு அரித்து அதில் குழி விழுந்திருக்கவில்லை. புது ரப்பர் போட்டு, கிரீஸ் வைத்து, வெளிப்பக்கம் சிவப்பு பெயின்ட் அடித்து, அடுப்பு மேடையில் காயவைத்தேன். அன்று ஓட்டலில்தான் சாப்பாடு.

வண்டியில் மாட்டிய பிறகு பிரேக் குழாயிலிருந்து காற்றை வெளியேற்ற வேண்டும். அதற்கு ஒருவர் பெடலை மிதிக்க வேண்டும், ஒருவர் கீழே திருகைத் திறந்து மூட வேண்டும். "நிக்கிற வண்டிதானே" என்று அவளே வந்து டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள்.

"மிதி... பிடி... விடு!" என்று சக்கரத்தடியில் கிடந்து கத்தினேன்.

"இப்ப கல்லு மாதிரி நிக்குதுங்க," என்றாள் கடைசியில்.

வேடிக்கை பார்த்த எங்கள் குடியிருப்பு வாட்ச்மேன் இரண்டு எலுமிச்சம்பழத்தைக் கொண்டுவந்து, காருக்கு முன்னால் கொஞ்சம் தள்ளி வைத்தார். "நசுக்கிகினு போனாத்தான் சார் நல்லது."

"அதுக்கு முன்னாடி நின்னாத்தான் பிரேக்கு," என்றாள் மனைவி.

"நசுக்காம நிறுத்துனா ஆவாதும்மா."

"நசுக்கிட்டு நின்னா பிரேக் பிடிக்கலன்னு அர்த்தம்."

இருவரும் விடுவதாக இல்லை. எனக்குப் பொறுமை போய்விட்டது. "பழமும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம்! நானே முன்னாடி நிக்கிறேன். நீ ஓட்டு!" என்று கத்தி, பழங்களுக்குப் பின்னால் போய் மார்பை நிமிர்த்தி நின்றேன். லைசென்ஸ் வைத்திருப்பவள்தான், நான்தான் வண்டியைக் கொடுத்ததில்லை.

கார் வந்தது. பாதி தூரம்கூட வந்திருக்காது, நான் குரோட்டன்ஸ் செடிக்குள் கிடந்தேன்.

கார் பழத்துக்கு முன்னாலேயே அழகாக நின்றது.

"இன்னா சார், நீயே ஓடிட்ட?" என்றார் வாட்ச்மேன்.

மனைவி சிரிக்கவில்லை. உள்ளிருந்து இடதுபக்கக் கதவைத் திறந்துவிட்டாள். "ஏறுங்க."

ஏறினேன். வாட்ச்மேன் மனம் குளிரப் பழங்களை நசுக்கிக்கொண்டு தெருவுக்கு வந்தாள். எதிரே ஒரு மாடு தெரிந்ததும் என் வலது கால், அந்தப் பக்கம் இல்லாத பிரேக்கைத் தரையோடு அழுத்தியது. அவள் கவனித்துவிட்டாள்.

"பயமா இருக்கா?"

"ஆமா," என்றேன்.

"எனக்கு இப்பதான் இல்ல," என்றாள்.