ஸ்பேனர் அக்காவின் காலை மாத்திரை

துக்கம் கேட்க வந்த பெரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்தத் தைராய்டுதான்டி அவளைக் கொண்டுபோயிடுச்சு. அசதியில கண் அசந்திருப்பா," என்றாள். சிக்னலில் நின்றுகொண்டிருந்த அக்காவின் ஸ்கூட்டரைப் பின்னால் வந்த லாரி இடித்தது. நிற்கிற வண்டியை அசதி என்ன செய்யும்? அன்று வாயை மூடிக்கொண்டேன். இதை எழுதும்போது மூட மாட்டேன்.

ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் அக்கா தையல் மெஷின் மெக்கானிக். எல்லோருக்கும் ஸ்பேனர் அக்கா. முப்பத்தெட்டு வயதில் அவளுக்குக் கை மரத்தது, முகம் ஊதியது, குரல் கரகரத்தது. மற்றவர்கள் ஃபேனை வேகமாக வைக்கச் சொல்லும்போது இவள் ஸ்வெட்டரோடு நின்றாள். ஒருநாள் மெஷினுக்கு அடியில் படுத்தவள் அங்கேயே தூங்கிவிட்டாள்.

ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு டாக்டர் சொன்னார்: "கிருமியை விரட்ட வேண்டிய எதிர்ப்புச் சக்தி உங்க தைராய்டு சுரப்பியையே எதிரின்னு நெனச்சுத் தாக்குதும்மா."

"வாட்ச்மேனே வீட்டுக்குள்ள கல்லெறியறானா? அவனை மாத்த முடியாதா டாக்டர்?"

"முடியாது. சுரப்பி குடுக்க முடியாததை மாத்திரையாக் குடுக்கலாம். தினமும், வெறும் வயித்துல."

பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். நான்தானே கல்லூரிக்குப் போனவள். ஏற்கெனவே அவள் சாப்பிட்டுவந்த கால்சியம் மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை, இந்தப் புது வெள்ளை மாத்திரை, மூன்றையும் ஒரு மூடியில் போட்டு, காலை எழுந்ததும் பால் டீயோடு நீட்டுவேன். டிபனுக்கு முன்னால்தானே, அது வெறும் வயிறுதான் என்பது என் கணக்கு. நான்கு மாதமாகியும் அவள் தேறவில்லை. டாக்டர் இரண்டு முறை அளவைக் கூட்டினார்.

மேனேஜர் அக்காவைக் கூப்பிட்டார். "என்னம்மா, பழைய வேகம் இல்ல. பேக்கிங் பக்கம் போயிடுங்களேன். உட்கார்ந்த வேலை."

"அங்க ரிப்பேர் பண்ண மெஷினே இல்லையே சார். அட்டைப்பெட்டிக்கா எண்ணெய் விடறது?"

"ரெண்டு மாசம் பாக்கறேன். அப்புறம் என் கையில இல்ல."

அக்கா அழவில்லை. வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டாள்: "ஏய் டிகிரி, எண்ணெய் விட்டும் மெஷின் இறுகுதுன்னா என்ன பண்ணுவே?"

"இன்னும் கொஞ்சம் விடுவேன்."

"அதான் உன்னை ஆபீஸ்ல உட்கார வெச்சிருக்காங்க. உள்ள போய்ச் சேருதான்னு பாக்கணும்டி. குழாய் அடைச்சிருந்தா ஊத்தி என்ன பிரயோஜனம்?"

மறுநாள் அந்த மூடியையும் டீ டம்ளரையும் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனாள். நானும் கூட நின்றேன்.

"மூணையும் ஒண்ணாவா? டீயோடயா?"

"என் தங்கச்சி ஏற்பாடு. படிச்சவ."

கால்சியமும் இரும்பும் அந்த மாத்திரையை உடம்பில் சேரவிடாது என்றார் டாக்டர். தண்ணீரோடு மட்டும் போட வேண்டும், டீக்கு ஒரு மணி நேரம் பொறுக்க வேண்டும், மற்ற இரண்டும் நாலு மணி நேரம் தள்ளி. கூட்டிய அளவைக் குறைத்து, எட்டு வாரம் கழித்து மறுபடி ரத்தம் பார்க்கச் சொன்னார். எனக்குத் தலை நிமிரவில்லை.

அதன்பின் ஐந்தரைக்கு மாத்திரை, ஆறரைக்கு டீ. விருந்தாளியாக வந்த பெரியம்மா ஆறு மணிக்கு டம்ளரோடு வழிமறித்தாள். "ஒரு வாய் டீ குடிச்சா செத்தா போயிடுவே?"

"சாக மாட்டேன் பெரியம்மா. பேக்கிங்குக்குப் போயிடுவேன்."

எட்டு வாரத்தில் ரத்தம் சரியான அளவுக்கு வந்தது. கொட்டிய முடி முழுசாகத் திரும்பவில்லை, சில நாள் அசதி இருந்தது. ஆனால் கை சொன்னபடி கேட்டது. அதே வாரம் ஒரு லைன் மெஷின்கள் முழுக்க நின்றுபோனபோது, பதினோரு நிமிடத்தில் ஓட வைத்தாள். கிரீஸ் கையோடு மேனேஜர் முன்னால் போய், "பேக்கிங்குக்கு இன்னும் ஆள் வேணுமா சார்?" என்றாள்.

"போம்மா, மூணாவது லைன்ல நூல் அறுந்துகிட்டே இருக்காம்."

அதன்பின் பதினாறு வருஷம் மெக்கானிக்காகவே இருந்தாள். "அதான் சரியாயிடுச்சே, மாத்திரையை நிறுத்திடேன்" என்றவர்களிடம், "ஓடுதேன்னு மெஷினுக்கு எண்ணெயை நிறுத்துவீங்களா?" என்பாள்.

மெஷின் நூல் சுற்றும் பாபின்களைப் போடுகிற டப்பாவில்தான் மாத்திரை அட்டையை வைத்திருப்பாள். நேற்று திறந்தேன். அட்டைக்குப் பின்னால், ஒவ்வொரு மாத்திரைக்கும் நேராக, கிழமையைப் பேனாவால் எழுதியிருக்கிறாள். லாரி இடித்தது வியாழக்கிழமை. வியாழன் காலி. வெள்ளியிலிருந்துதான் மாத்திரை இருக்கிறது.