எழுபது வளைவிலும் ஒரு சத்தம்

அந்தச் சத்தத்தை நான் முதலில் கேட்டது மலைமேல் உள்ள சோளக்காடு என்ற ஊரிலிருந்து கீழே இறங்கும்போது, மேலிருந்து மூன்றாவது வளைவில். பிரேக்கில் கால் வைத்ததும் எங்கோ மிக அருகில் ஒரு ‘டொக்’. வண்டி திரும்பி நிமிர்ந்ததும் இன்னொரு ‘டொக்’. அடுத்த வளைவிலும் அப்படியே. அடிவாரம் வரை மொத்தம் எழுபது வளைவுகள். காரவள்ளியில் வண்டியை நிறுத்தியபோது நூற்று முப்பத்தொன்று எண்ணியிருந்தேன். எதிரே வந்த பஸ்ஸுக்கு ஒதுங்கிய இடங்களில் சில விட்டுப்போயிருக்கலாம்.

எண்ணுவது எனக்குப் பழக்கம். வேலையே அதுவாகத்தான் இருந்தது. வயலில் கயிறு பிடித்துச் சதுரம் கட்டி, அதற்குள் விளைந்ததை அறுத்து, எடை போட்டு, மேலதிகாரிகளுக்குக் கணக்கு அனுப்ப வேண்டும். சமவெளியிலிருந்து மாற்றலாகிக் கொல்லிமலைக்கு வந்தவன், ஓய்வு பெற்ற பிறகும் வாழவந்தி நாடு என்ற மலையூரிலேயே தங்கிவிட்டேன். கீழே போனால் வெயில் தாங்காது என்று மனைவி சொன்னாள். அவள் இறந்து இரண்டு வருடம் ஆகிறது. வெயில் தாங்காதவள் கட்டச் சொன்ன வீட்டில் குளிர் தாங்காத நான் இருக்கிறேன்.

இங்கே தனியாக இருக்க வேண்டுமானால் எனக்குக் கார் வேண்டும். கண்ணுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் பார்க்கிற மருத்துவர்கள் கீழே இருக்கிறார்கள். பஸ் உண்டு. ஆனால் அத்தனை வளைவுகளையும் பஸ்ஸில் இறங்கினால் என் வயிறு ஒத்துழைக்காது. கோவையில் இருக்கும் என் ஒரே மகள் அவள் அம்மாவின் காரியம் முடிந்த அன்றே சொல்லிவிட்டாள்: “வண்டி நல்லா ஓடற வரைக்கும் இங்க இருங்கப்பா. அது மக்கர் பண்ணுச்சுன்னா எங்க ஊட்டுக்கு வந்துரோணும்.” நான் சரி என்றேன். அதனால் காரில் எந்தப் புதுச் சத்தம் வந்தாலும், வீட்டைக் காலி செய்யச் சொல்லி யாரோ கதவைத் தட்டுவது போல இருக்கும்.

பழைய வண்டிக்கு வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை எனக்குத் தெரியும். பனிக்காலக் காலையில் கீச்சென்று கத்தினால் அது பெல்ட். ஈரம் காய்ந்ததும் அடங்கிவிடும். அடங்காவிட்டால் மாற்ற வேண்டும். சாவியைத் திருகும்போது வெறும் ‘டிக்’ மட்டும் வந்தால் பேட்டரி முனையில் பச்சை பூத்திருக்கும். வெந்நீர் ஊற்றித் துடைத்தால் போதும். ஏற்றத்தில் வெப்பமுள் உயர்ந்தால், எஞ்சின் ஆறிய பிறகு ரேடியேட்டர் தண்ணீரைப் பார்க்க வேண்டும். அவசரப்பட்டு மூடியைத் திறந்தால் முகம் வெந்துவிடும். இறக்கத்தில் கருகல் நாற்றம் வந்தால் அது பிரேக். இங்கே பலர் பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் இறங்குகிறார்கள். நான் இரண்டாவது கியரை விடுவதே இல்லை. இவற்றுக்கெல்லாம் இடமும் காரணமும் உண்டு. இந்த ‘டொக்’குக்கு இடமே இல்லை. முன்னால் கேட்கிறதா, அடியில் கேட்கிறதா என்று தலையைச் சாய்ப்பதற்குள் வளைவு முடிந்துவிடும்.

முதலில் டிக்கியைக் காலி செய்தேன். ஸ்டெப்னி, ஜாக்கி, ஸ்பேனர், இரண்டு குடை, ஒரு பிளாஸ்டிக் குடம். எல்லாவற்றையும் வீட்டில் வைத்துவிட்டு ஓட்டினேன். டொக். சைலன்சரைத் தாங்கும் ரப்பர்களை மாற்றினேன். டொக். நம்பர் பிளேட்டின் திருகுகளை இறுக்கினேன், கதவுப் பைகளில் இருந்த காகிதங்களைக்கூட எடுத்தேன். டொக், டொக்.

செம்மேட்டில் எனக்கு ஒரு மெக்கானிக் உண்டு. கனத்த உடம்பு, வாயும் பெரிது. வண்டியை ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தை ஆட்டிப் பார்த்தார். இடது முன்சக்கரத்தின் புஷ் தேய்ந்திருந்தது, மாற்றினார். நான் வீடு போய்ச் சேருவதற்குள் மறுபடி டொக். திரும்பிப் போய் நின்றேன்.

“வாங்க சார், ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்” என்று அவர் என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். சோளக்காடு வரை போய், ஐந்து வளைவு இறங்கித் திரும்பி வந்தோம். ஒரு சத்தமும் இல்லை.

“எங்கீங்க சார் சத்தம்?”

“வரும்போதுகூடக் கேட்டுதே.”

“என்னயக் கண்டா வண்டிக்குப் பயமுங்க. என்ர போட்டோ ஒண்ணு தாரேன், மாட்டிக்கறீங்களா?”

மூன்று முறை அவரை ஏற்றிக்கொண்டு போனேன். மூன்று முறையும் வண்டி வாயைத் திறக்கவில்லை. நான்காவது முறை போனபோது அவர் கையைத் துடைத்துக்கொண்டே, “சார், டீ சொல்லட்டுங்களா?” என்றார். குரல் கனிவாக இருந்தது. அந்தக் கனிவுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

மகள் வந்தாள். அவளையும் பக்கத்தில் உட்கார வைத்து இறங்கினேன். முப்பது வளைவு வரை அவள் காதைத் தீட்டிக்கொண்டு வந்தாள், ஒரு டொக்கும் வரவில்லை. பிறகு ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஆரம்பித்தாள்.

“ஏனுங்கப்பா, காதை ஒருக்காக் காட்டிரலாமா?”

“காது நல்லாத்தான் இருக்கு.”

“அம்மா இருந்தப்ப இப்படி ஒரு சத்தம்னு நீங்க சொன்னதே இல்லீங்களே. அம்மா போன பொறகுதானுங்க உங்களுக்கு இது கேக்குது.”

அவள் சொன்னது சரிதான். கீழே போய்ச் சேருவதற்குள் அவள் முடிவு செய்துவிட்டாள். வண்டி கெட்டிருந்தாலும் ஆபத்து. வண்டி கெடாமல் எனக்குச் சத்தம் கேட்டால் அதைவிட ஆபத்து. இராசிபுரத்தில் அவளுக்குத் தெரிந்த ஒருவர் அடுத்த மாதம் வந்து காரை எடுத்துக்கொள்வார். அவர் வருவதற்கு முதல் நாள் அவளும் வந்து, நான் சாமான்களைக் கட்ட உதவுவாள்.

அந்த மாதம் முழுவதும் நான் யாரிடமும் அதிகம் பேசவில்லை. பேசினால் என் பேச்சிலும் ஏதாவது பிசகு தெரியுமோ என்று பயம். சமையலறையில் குழாய் சொட்டினால், அது உண்மையில் சொட்டுகிறதா என்று விரலை வைத்துப் பார்த்தேன்.

இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை வாங்கக் கீழே கிளம்பிய ஒரு நாள், பக்கத்துத் தோட்டத்து அம்மாள் ரோட்டில் நின்று கையைக் காட்டினார். காலடியில் ஒரு மிளகு மூட்டை.

“பஸ்ஸு போயிருச்சுங்க சார். பேளுக்குறிச்சி சந்தைக்குப் போகோணுங்க.”

முன்கதவைத் திறந்துவிட்டேன். அவர் அதைச் சாத்திவிட்டுப் பின்கதவைத் திறந்தார். “அய்யோ, அது அம்மா உக்கார்ற எடமுங்க. நானு பொறத்தால இருந்துக்கறேன்.” மூட்டையைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டார்.

இந்த வட்டாரத்தில் யாருமே காரில் என் பக்கத்தில் உட்கார மாட்டார்கள். சாருடைய காரில் ஏறினால் பின்னால்தான். வேலையில் இருந்தபோது மரியாதைக்காக ஏற்பட்ட வழக்கம் அப்படியே நின்றுவிட்டது. மெக்கானிக் மட்டும் அதையெல்லாம் பார்ப்பதில்லை. மனைவி போன பிறகு காரில் ஏறியவர்களே மிகக் குறைவு.

இரண்டு வளைவு போயிருப்போம்.

“ஏனுங்க சார், உங்க வண்டிக்குள்ள யாரோ சுத்தியல் வெச்சுத் தட்டறாங்களே?”

ஓரம் கட்டி நிறுத்திவிட்டேன். “உங்களுக்குக் கேக்குதுங்களா?”

“எனக்குக் காது இல்லீங்களா?”

“எப்படிக் கேட்டுது? சொல்லுங்க.”

“டொக்கு டொக்குன்னுதான். இதுல என்னங்க சார் இருக்குது?” அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். என் கண்ணில் நீர் வந்திருக்க வேண்டும்.

வண்டியை எடுக்காமல் யோசித்தேன். மெக்கானிக் வந்தபோது வரவில்லை. மகள் வந்தபோது வரவில்லை. இவர் இருக்கும்போது வருகிறது. ரோடு அதேதான், வண்டியும் அதேதான். அந்த இரண்டு பேரும் முன்னால் உட்கார்ந்தார்கள். இவர் பின்னால்.

“ஒரே ஒரு நிமிஷம் முன்னால வந்து உக்காருங்க.”

“அதுமட்டும் முடியாதுங்க.”

“அப்ப அந்த மூட்டையக் குடுங்க.”

மிளகு மூட்டையை முன் இருக்கையில் உட்கார வைத்தேன். ஆறு வளைவு இறங்கினோம். ஒன்றும் இல்லை. நிறுத்தி, மூட்டையைப் பின்னால் மாற்றினேன். அடுத்த ஆறு வளைவில் பன்னிரண்டு டொக். மறுபடி முன்னால் வைத்தேன். அமைதி.

“மூட்டை உக்காந்தா அடங்கிப் போகுதுங்க” என்றார் அவர். “எம்பட மொளகுக்கு இருக்கற மருவாதி எனக்கு எங்கயும் இல்ல.” இன்னொரு முறை நிறுத்தப் போனேன். “ஏனுங்க சார், நானு மொளகு விக்கப் போறனா, காரு வெளையாடப் போறனா? சந்தை கலைஞ்சுருமுங்க!”

அவரைச் சந்தையில் இறக்கிவிட்டு, ஒரு புளியமரத்தடியில் நிறுத்தி இருக்கைக்கு அடியில் கையை விட்டுப் பார்த்தேன். தண்டவாளம் போல இரண்டு கம்பிகள், அவற்றில் வரிசையாகப் பற்கள், ஏதாவது ஒரு பல்லில் விழுந்து இருக்கையைப் பிடிக்கும் ஒரு கொக்கி. என் மனைவி குள்ளம். வளைவுகளில் டாஷ்போர்டைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று, வண்டி வாங்கிய வாரமே இருக்கையை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். அன்றிலிருந்து கொக்கி அந்த ஒரே பல்லில் நின்றிருக்கிறது. பல் தேய்ந்துவிட்டது. ஆள் உட்கார்ந்தால் எடையில் அசையாது. ஆள் இல்லாவிட்டால் பிரேக் போடும்போது முன்னால் ஒன்று, விடும்போது பின்னால் ஒன்று. கொக்கியை எடுத்து இரண்டு பல் பின்னால் தள்ளினால் தீர்ந்தது. செலவே இல்லை.

நான் தள்ளவில்லை. மகள் தன் காதால் கேட்க வேண்டும், அதுவரை விட்டுவைக்க வேண்டும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அது காரணங்களில் ஒன்றுதான்.

இராசிபுரத்துக்காரர் வருவதற்கு முதல் நாள் அவள் வந்தாள். கட்டாமல் கிடந்த சாமான்களைப் பார்த்து முகம் சுருங்கியது.

“காருக்கு வா. பின்னால உக்காரு.”

“பின்னாலயா? நான் என்ன கலெக்டருங்களா?”

“உக்காரு கண்ணு.”

முதல் வளைவில் டொக், டொக். கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்தேன். இரண்டாவது வளைவில் அவள் முன்னால் சாய்ந்து, காலி இருக்கையின் முதுகில் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். மூன்றாவது வளைவில் சத்தம் இல்லை. நான்காவதில் கையை எடுத்தாள். டொக்.

“நிறுத்துங்கப்பா.”

நிறுத்தினேன். கீழே எங்கோ ஒரு லாரி ஏறிவரும் உறுமல் கேட்டது.

“இதுல யாருமே உக்கார்றதில்லீங்களா?”

“மெக்கானிக் மூணு தடவை. நீ ஒரு தடவை. மிளகு மூட்டை ரெண்டு தடவை.”

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். பிறகு துப்பட்டாவால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். நான் பல்லையும் கொக்கியையும் விளக்கினேன். அவள் இறங்கி வந்து குனிந்து பார்த்தாள்.

“அப்பறம் ஏனுங்க தள்ளாம வெச்சிருக்கீங்க?”

“நீ கேக்கட்டும்னு.”

அவள் என்னையே பார்த்தாள். மேற்கொண்டு கேட்கவில்லை. அதற்கு நான் நன்றி சொல்ல வேண்டும்.

கொக்கியை விடுவிக்கும் நெம்புகோல் இறுகிப் போயிருந்தது. அவள் அதை இரண்டு கையாலும் தூக்கிப் பிடிக்க, நான் முழங்காலை வைத்துத் தள்ளினேன். முதலில் அசையவில்லை. பிறகு கரகரவென்று நகர்ந்து, மூன்று பல் பின்னால் போய் விழுந்தது. முன்னால் இருந்த தரை விரிப்பில், இத்தனை வருடம் வெளிச்சம் படாத ஒரு பட்டை புதுத் துணி போல நீலமாகத் தெரிந்தது.

அவள் ஏறி உட்கார்ந்து காலை நீட்டினாள். “இப்பத்தான் மனுசங்க உக்கார்ற மாதிரி இருக்குது” என்று சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாதோ என்பது போல என்னைப் பார்த்தாள். நான் கியரைப் போட்டேன். அவள் போனை எடுத்தாள்.

“அண்ணா, நாளைக்கு வர வேண்டாமுங்க. வண்டி குடுக்கல... இல்லீங்க, கோளாறு ஒண்ணுமில்ல. சீட்டுதானுங்க... ஆமாங்க, அப்பாவே கண்டுபிடிச்சுட்டாருங்க.” சிறிது நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். “அவருக்கென்னங்க, நல்லாத்தான் இருக்காரு.”

மறுநாள் மதியம் அவளைக் கீழே கொண்டுபோய் பஸ் ஏற்றினேன். ஜன்னலிலிருந்து, “தனியா ஏறிருவீங்களா?” என்றாள். ஏறிவிடுவேன் என்றேன். பஸ் கிளம்பியது.

திரும்பும்போது இருக்கை காலி. எழுபது வளைவிலும் காது கொடுத்துக் கேட்டேன். எஞ்சின் சத்தமும் டயர் சத்தமும் மட்டும்தான். வெப்பமுள் எந்த இடத்தில் நிற்க வேண்டுமோ அங்கே நின்றது. வீட்டுக்கு வந்து பூட்டைத் திறந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. இங்கேயே இருக்கலாம் என்பது முடிவாகிவிட்டது. இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. யாரிடம் சொல்லலாம் என்று எண்ணிப் பார்த்தேன். மெக்கானிக், மிளகு அம்மாள். இரண்டு பேர். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று உள்ளே போய் ஒரு ஆளுக்கு அரிசி அளந்தேன்.