நாலு மணிக்கு நின்ற ஏர்கோன்

ஏர்கோன் மிஷின் நின்றுபோனதற்காக ஒரு மனிதரைப் பிடித்து ஸ்டோர் ரூமில் பூட்டி வைத்தார்கள். வெள்ளிக்கிழமை லாரியில் மலையடிவாரத் தாப்பா டவுனுக்கு அனுப்பி, அங்கிருந்து கைதிகள் கேம்ப்புக்கு ஏற்றிவிடுவது என்று முடிவு. மலாயாவில் வெள்ளைக்காரர் அறிவித்த அவசரகாலத்தில் அதற்கு வக்கீல், கோர்ட்டு எதுவும் வேண்டாம். சந்தேகம் போதும். நான் அப்போது கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில், வெள்ளைக்கார மேனேஜர் துரை பங்களாவில் வேலைக்காரி. துடைப்பது, துவைப்பது, கணப்பு மூட்டுவது என் வேலை. மிஷின் ரிப்பேர் என் வேலையே இல்லை. ஆனாலும் ஏர்கோன் வேலை படிக்கும் பிள்ளைகளுக்காக என் வேலை அனுபவத்தை எழுதச் சொன்னபோது எனக்கு இதுதான் முதலில் ஞாபகம் வந்தது.

1. இரும்புத் தகடு

இந்தக் குளிரில் எதற்கு ஏர்கோன் என்று கேட்பீர்கள். அப்போது யாரும் கேட்கவில்லை.

காட்டில் ஒளிந்து வெள்ளைக்காரரோடு சண்டை போட்ட கம்யூனிஸ்டுகள் ஜன்னல் வழியாகக் குண்டு எறிவார்கள் என்று பங்களா ஜன்னல்கள் எல்லாவற்றுக்கும் இரும்புத் தகடு அடித்தார்கள். தகடு அடித்ததும் காற்று நின்றுபோனது. ஹாலில் கணப்பு எரியும். புகை வெளியே போக வழியில்லை. துரைசாணிக்கு மூச்சு முட்டியது. தகட்டில் நாலு ஓட்டை போட்டிருக்கலாம். ஓட்டை வழியாகவும் சுடுவார்கள் என்று சொல்லிவிட்டார்கள். ஆகவே சிங்கப்பூரிலிருந்து ஏர்கோன் வந்தது. ஒரு பெட்டி ஹாலுக்குள், இன்னொரு பெட்டி வெளியே சுவரோரம், நடுவில் செம்புக் குழாய்.

காலையில் கணப்பை மூட்டுவேன். ஹால் சூடானதும் ஏர்கோனைப் போடுவேன். குளிர்ந்துவிட்டது என்பார்கள், இன்னும் இரண்டு கட்டை வைப்பேன். இரண்டுக்கும் சேர்த்து எனக்கு ஒரே சம்பளம்.

2. பிரஷர் ஸ்விட்ச்

இப்போது பிள்ளைகள் சென்சர் என்கிறார்கள். எங்கள் காலத்தில் அது பிரஷர் ஸ்விட்ச். வெளிப்பெட்டியில், உள்ளங்கை அளவு டப்பா. குழாயில் கேஸ் பிரஷர் இறங்கினால் கரண்டை அறுத்துவிடும். பிறகு சிவப்புப் பொத்தானை அமுக்கினால்தான் மிஷின் மறுபடி ஓடும்.

வந்த இரண்டாம் வாரமே மிஷின் நிற்க ஆரம்பித்தது. சாயங்காலம் நிற்கும். பொத்தானை அமுக்கினால் இரண்டு நிமிஷம் ஓடி மறுபடி நிற்கும். மறுநாள் காலையில் அமுக்கினால் ஒன்றுமே நடக்காதது போல ஓடும். சில நாள் சாயங்காலமும் நிற்காமல் ஓடும்.

ஈப்போவிலிருந்து மெக்கானிக் வந்தார். தாப்பா ரோட்டில் அப்போது தனியாக வர முடியாது. முன்னால் ஒரு கவச வண்டி, பின்னால் ஒன்று, நடுவில் டூல் பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு இவர். ஸ்விட்சைக் கழற்றிப் புதியதை மாட்டினார். சாயங்காலம் வரை ஓடியது. "ஸ்விட்ச்தான் கேடு. இனிமே நிக்காது லா" என்று சொல்லிவிட்டு இறங்கினார். மறுநாளே நின்றது. மறுபடி கவச வண்டி, மறுபடி மெக்கானிக், இன்னொரு ஸ்விட்ச். அவர் இருக்கும்வரை ஓடியது. போனதும் நின்றது.

எங்கள் தோட்டத்து பிட்டர் அந்தோணி அண்ணன் பக்கத்திலேயே நின்று பார்த்தார்.

"ஸ்விட்ச் சரியாத்தான் அறுக்குதுங்க. பிரஷர் நெசமாவே எறங்குது. ஏன் எறங்குதுன்னு பாக்கணும்."

"நீ தேயிலை மிஷின் பாக்குறவன்தானே?" என்றார் மெக்கானிக்.

"ஆமாங்க."

"அதப் போய் பாரு."

3. நாலு மணிக்காரர்

இரண்டு ஸ்விட்ச் மாற்றியும் நின்றபோது விஷயம் போலீஸ் துரையிடம் போனது. வேறு ஏதோ நாட்டில் கலகம் அடக்கிவிட்டு இங்கே வந்த வெள்ளைக்காரர். தமிழ் தெரியாது. தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் பெரிய கிராணிதான் மொழிபெயர்ப்பார். போலீஸ் துரை ஒரு வார்த்தை சொன்னால் கிராணி நான்கு சொல்வார், அதில் இரண்டு திட்டாக இருக்கும்.

போலீஸ் துரை முதலில் ஓர் உத்தரவு போட்டார். வெளிப்பெட்டிக்குப் பத்து அடிக்குள் ஒரு பொருளும் இருக்கக் கூடாது. பிறகு நாற்காலி போட்டு உட்கார்ந்து நோட்டுப் புத்தகத்தில் எழுதினார். ஒரு வாரம் எழுதியதில் கண்டுபிடித்துவிட்டார். மிஷின் தினமும் நாலு மணிக்கு நிற்கிறது. தினமும் நாலு மணிக்கு அந்தோணி அந்த வழியாகப் போகிறான்.

போகத்தான் செய்வார். துரை குளிக்கத் தண்ணீர் வால்வைத் திறப்பது அவர் வேலை. அது பங்களாவுக்குப் பின்னால் இருக்கிறது.

நாலு மணிக்கு அந்தப் பக்கம் இன்னொன்றும் வரும். பனி. மேட்டிலிருந்து இறங்கி வெளிப்பெட்டியை மூடிக்கொள்ளும். அது நோட்டுப் புத்தகத்தில் ஏறவில்லை. பனியிடம் ஐ.சி. அடையாள அட்டை இல்லை.

வியாழக்கிழமை காலை பேர் கூப்பிடும் இடத்தில் வைத்தே அந்தோணி அண்ணனைப் பிடித்தார்கள். துரையின் மிஷினைக் கெடுப்பது காட்டுக்காரர்களுக்கு உதவி செய்வதாம். ஏர்கோன் நின்றால் காட்டில் இருப்பவர்களுக்கு என்ன லாபம் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

அவர் சம்சாரம் மேரி அக்கா ஆறு மாதக் கர்ப்பம். வீட்டுக்காரர் கேம்ப்புக்குப் போனால் லைன் வீட்டையும் காலி பண்ணச் சொல்வார்கள். பங்களாப் பின்வாசலில் வந்து நின்று, "நீ உள்ள போற வர்றவதானே பாக்கியம், துரைகிட்ட ஒரு வார்த்த சொல்லேன்" என்று கேட்டார். நான் தலையை ஆட்டினேன். சொல்வேன் என்றா, மாட்டேன் என்றா, எனக்கே தெரியவில்லை. ஐந்து வருஷ வேலையில் துரையிடம் நான் பேசியது "சரிங்க துரை" ஒன்றுதான். துரையோ தமிழ்ப் பரீட்சை பாஸ் பண்ணியவர். வா, போ, வெட்டு, நிறுத்து எல்லாம் சுத்தமாகச் சொல்வார். அடுத்தவர் சொல்வதைக் கேட்பதற்கு அந்தப் பரீட்சையில் மார்க் கிடையாது போலிருக்கிறது.

4. கோணிச் சாக்கு

பதினொரு மணிக்கு ஸ்டோருக்கு டீ கொண்டுபோனேன். அந்தோணி அண்ணன் தேயிலைப் பெட்டிமேல் உட்கார்ந்து அந்த ஸ்விட்சைப் பற்றியே பேசினார்.

"கேஸ் லீக்குன்னா ஒரேயடியா நின்னுடணும் தங்கச்சி. இது காலையில ஓடுது. மெக்கானிக் வந்தா ஓடுது. அவர் மொகத்தப் பாத்தா பிரஷர் ஏறுதா?"

மெக்கானிக் வரும் நாளில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். வெளியாள் வந்தால் துரைசாணி மிதியடிச் சாக்குகளைத் துவைக்கச் சொல்வார். இந்த மலையில் துவைத்த சாக்கு மூன்று நாள் ஆனாலும் காயாது. ஆனால் வெளிப்பெட்டியின் காற்றாடி சுடுகாற்று விடும். அதன் முகத்தில் தொங்கவிட்டால் இரண்டு மணி நேரத்தில் மொறுமொறுவென்று காய்ந்துவிடும். ஒருவருக்கும் தெரியாமல் அதைத்தான் செய்துவந்தேன். என் கைலியும் அதில் காய்ந்திருக்கிறது. பத்து அடி உத்தரவு வந்ததும் பயந்து நிறுத்திவிட்டேன். அன்றிலிருந்துதான் மிஷின் ஒரு நாள் தவறாமல் நின்றது.

சொன்னேன். அண்ணன் டீயைக் கீழே வைத்துவிட்டார்.

"அட, வெளிப்பெட்டி பனியில ரொம்பக் குளுந்து போகுது. அதான் பிரஷர் எறங்குது. சாக்கு போட்டா காத்து அடைபட்டு சூடு உள்ளயே நிக்குது." சிரித்தார். "இத்தன நாளா ஏம்மா சொல்லல?"

"துரை மிஷின்ல கைலி காயப்போட்டேன்னு எப்படிண்ணே சொல்றது? யாரும் கேக்கவும் இல்ல."

"இன்னிக்கு நாலு மணிக்கு மாட்டிக் காட்டு. நிக்காம ஓடும். துரைகிட்ட வெவரம் சொல்லு."

மூன்றரை மணிக்குச் சாக்கை நனைத்துப் பிழிந்து மாட்டினேன். காவலுக்கு நின்ற மாத்தாமாத்தா போலீஸ்காரர் என்னைப் பார்த்தார், சாக்கைப் பார்த்தார், சிகரெட்டைப் பற்ற வைத்துக்கொண்டார். துவைக்கிறவள் கையில் ஈரத்துணி இருந்தால் யார் கண்ணிலும் படாது. அண்ணன் இல்லாமல் மிஷின் ஓடுகிறதா என்று பார்க்க நாலு மணிக்குத் துரை, போலீஸ் துரை, கிராணி மூவரும் வந்தார்கள்; சாக்கை ஒருவரும் கவனிக்கவில்லை. பனி இறங்கியது. மிஷின் ஓடியது. என் வாய் திறக்கவில்லை. நாலேகால் ஆனது. நாலரை ஆனது. மிஷின் ஓடிக்கொண்டே இருந்தது.

போலீஸ் துரை நோட்டை மூடிவிட்டுச் சிரித்தார். கிராணி எனக்கும் சேர்த்துத் தமிழில் சொன்னார்: "பாத்தியா? ஆளப் பூட்டினோம், மிஷின் நிக்கல. அந்தோணிதான். நாளைக்கு லாரி ஏத்திட வேண்டியதுதான்."

நான் சும்மா இருந்திருந்தால் அண்ணன் பூட்டுக்குள் இருக்கும்போதே மிஷின் நின்றிருக்கும். அவர் தப்பித்திருப்பார். என் சாக்கு அவரை மாட்டிவிட்டது.

மூவரும் திரும்பி நடந்தார்கள். நான் போய் சாக்கை இழுத்தேன். பத்து அடி உத்தரவு, துப்பாக்கி எல்லாம் அதற்குப் பிறகுதான் ஞாபகம் வந்தது.

"துரை," என்றேன். "கொஞ்சம் நில்லுங்க துரை."

துரையை நிற்கச் சொன்ன வேலைக்காரியை அவர்கள் அதற்குமுன் பார்த்ததில்லை. அந்த ஆச்சரியத்திலேயே நின்றார்கள். ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். வெளிப்பெட்டி டக் என்று அடங்கியது.

போலீஸ் துரை என்னவோ கத்தினார். கிராணி, "அப்ப நீதான் நிறுத்துறியான்னு கேக்குறாரு. நீ எத்தன நாளா காட்டுக்காரனுக்கு வேல செய்யுற?" என்றார். இரண்டாவது கேள்வி கிராணியுடையது என்று நினைக்கிறேன்.

"பனி நிறுத்துதுங்க. சாக்கு இருந்தா ஓடும். அந்தோணி அண்ணன் உள்ள இருக்காரு, மிஷின் நின்னு போச்சு, பாருங்க." கைலி விஷயத்தையும் சொல்லிவிட்டேன். வாய் திறந்த பிறகு மூட வரவில்லை.

துரை என் கையிலிருந்து சாக்கை வாங்கினார். தானே மாட்டினார். பொத்தானை அமுக்கினார். ஓடியது. பத்து நிமிஷம் பார்த்துவிட்டுச் சாக்கை எடுத்தார். நின்றது. மறுபடி மாட்டினார். ஆறு மணி வரை சாக்கு மாட்டுவதும் எடுப்பதுமாக இருந்தார். அவர் தோட்டத்தில் கையால் செய்து நான் பார்த்த ஒரே வேலை அது. கடைசியில் கிராணியிடம் தமிழிலேயே சொன்னார்: "அந்தோணி திற."

யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. அண்ணனிடம் ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். இனிமேல் நாலு மணிக்கு அந்தப் பக்கம் போகக் கூடாது என்று அதில் எழுதியிருந்தது. அன்றிலிருந்து துரை ஐந்து மணிக்குக் குளித்தார். கைலிக்காக எனக்கு அரை நாள் சம்பளம் பிடித்தார்கள். சாக்கு அரசாங்கக் காவலுக்குப் போனது. பனி வந்தால் மாட்டவும் வெயில் வந்தால் எடுக்கவும் துப்பாக்கியோடு ஒரு மாத்தாமாத்தாவைப் போட்டார்கள். பனி கலைந்ததா என்று தினமும் நோட்டில் எழுதினார்கள். தகட்டைக் கழற்றி ஜன்னலைத் திறக்கலாம் என்று மட்டும் அந்தப் பங்களாவில் ஒருவரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. பேசியது போதும் என்று இருந்தது.

ஏர்கோன் வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்கு நான் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. சென்சர் அறுத்தால் உடனே சென்சரை மாற்றாதீர்கள். அது உண்மையைச் சொல்லிக்கொண்டிருக்கலாம். வெளியே போய், மிஷின் எங்கே நிற்கிறது, அதன்மேல் எந்தக் காற்று படுகிறது என்று ஒரு நாள் முழுக்கப் பாருங்கள். அங்கே துணி காயப்போடுகிறவள் ஒருத்தி இருந்தால் அவளையும் ஒரு வார்த்தை கேளுங்கள். அவளாக வந்து சொல்ல நாளாகும். அதற்குள் ஒருவரைப் பூட்டிவிடுவீர்கள்.

வெள்ளிக்கிழமை லாரி நேரத்துக்குக் கிளம்பியது. அந்தோணி அண்ணனுக்கு ஒதுக்கிய இடத்தில் துரை இரண்டு மூட்டை முட்டைக்கோஸ் ஏற்றினார். மேரி அக்கா லைன் வாசலில் நின்று அந்த முட்டைக்கோஸ் கண்ணுக்கு மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.